நியூற்றலில் விட்டால் காணாது

இஞ்சாருங்கோ,

இன்று கராஜில் மெக்கானிக் என் காரின் கியர் எண்ணெய்க் கோலை இழுத்துத் துணியில் துடைத்தான். அந்தச் சூட்டு மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். கோப்பி மெஷினடிக்குப் போனேன், குடிக்காமலே திரும்பினேன், வாசலுக்குப் போனேன். நீங்கள் போனதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்வதில்லை. முந்தி உங்களைத்தான் காலில் சில்லுப் பூட்டின மனுசன் என்று ஏசுவேன். இப்போது அந்தச் சில்லை எனக்குப் பூட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

மகன் கர்க்லாண்டில் வீடு வாங்கிய நாளிலிருந்து ஒரே பாட்டு. "அம்மா, காரை வித்துப்போட்டு எங்களோட வந்திருங்கோ." அவனுக்கு என்ன தெரியும்? நீங்கள் இரவு வேலை முடித்து வரும் நேரம் நான் டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் வேலைக்கு இறங்குவேன். அந்த நேரத்தில் பஸ்ஸும் இல்லை, மெட்ரோவும் இல்லை. மற்றவர்களுக்கு அது கார், எனக்குக் கால்.

அந்தக் காலைத்தான் நீங்கள் முறிக்கப் பார்த்தீர்கள்.

கட்டட வேலைக்காரருக்கு லீவு விட்டு கியூபெக் முழுவதும் றோட்டில் நிற்கிற ஆடி மாதம். உங்களோடு வேலை செய்தவர் தன்னுடைய பழைய மோட்டார் ஹோமைத் தந்தார், படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளே இருக்கிற பெரிய வண்டி. காஸ்பே கடலைப் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். சரி, போவோம் என்றேன். பிறகுதான் குண்டைப் போட்டீர்கள்.

"அங்கை போய் நிப்பாட்டினாப் பிறகு பாண் வாங்கவும் இந்த வீட்டையோ கிளப்புறது? உம்மடை காரைப் பின்னாலை கொழுவுவம்."

"கியருக்கு ஒண்டும் ஆகாதோ?"

"நியூற்றல்லை விட்டாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம். ஊரிலை லொறிக்குப் பின்னாலை கயிறு கட்டி எத்தினை காரை இழுத்தனாங்கள்? ஏதும் நடந்ததோ?"

ஊரில் இழுத்ததெல்லாம் கையால் கியர் மாற்றுகிற கார்கள். என்னுடையதோ தானாக மாறுவது. அது உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தெரியவில்லை. இருந்தாலும் காரோடு வந்த புத்தகத்தை எடுத்து பிரெஞ்சை எழுத்துக்கூட்டினேன். நியூற்றலுக்கு 'புவான் மோர்' என்று இருந்தது. "இஞ்சாருங்கோ, செத்த இடம் எண்டு போட்டிருக்கிறாங்கள்" என்றேன்.

"மோரோ? நல்லது. இந்த வெய்யிலுக்கு எனக்கும் ஒரு கிளாஸ் தாரும்."

சிரித்த சிரிப்பில் அடுத்த வரியை வாசிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டோம். பேந்து ஒருநாள் ஆஸ்பத்திரியில் டொக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு அதே சொல்லைச் சொன்னார். 'மோர்.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நேர்ஸ் பயந்துபோனாள். உங்களுக்குப் பக்கத்தில் நின்று, நீங்கள் செத்துப்போனீர்கள் என்று கேட்டுச் சிரித்தவள் நான். உங்களை மன்னிக்கவே மாட்டேன்.

காஸ்பேக்கு வெளிக்கிட்ட அன்று, காரைப் பின்னால் கொழுவியபடி பாலத்தைத் தாண்டி பெற்றோல் செற்றில் நிறுத்தினோம். பக்கத்தில் இன்னொரு மோட்டார் ஹோம். அதிலிருந்து ஒரு கியூபெக் கிழவர் அரைக் காற்சட்டையோடு இறங்கி வந்து, நிலத்தில் நின்ற என் காரின் நாலு சில்லையும் பார்த்தார். "ஓட்டோமாதிக்?" என்று கேட்டார். நான் தலையாட்டியதும், "நோ, நோ, நோ!" என்று தலையில் கை வைத்தார். எஞ்சின் ஓடினால்தான் கியருக்குள் எண்ணெய் சுற்றும் என்றார். எஞ்சினை நிற்பாட்டி இழுத்தால் சில்லு உருள, அதோடு கியரும் உள்ளே சுழலும், எண்ணெய் போகாது, காய்ந்து எரிந்துவிடும் என்றார். முன்சில்லு இரண்டையும் தூக்கி வைக்கிற குட்டி வண்டி வேண்டுமாம். நான் ஓடிப்போய்க் கோலை இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் சுட்டது, ஆனால் எரிந்து கறுக்காமல் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அந்த இடத்திலேயே அழுதேன்.

குட்டி வண்டிக்கு எல்லா இடமும் போன் அடித்தீர்கள். லீவுக் காலம், ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் தொப்பியைக் கழற்றி, "சரி, திரும்புவம்" என்றீர்கள். உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"கழட்டி விடுங்கோ. நான் ஓட்டிக்கொண்டு வாறன்."

"ஹைவேயிலையோ? அவ்வளவு தூரமோ? உமக்கென்ன விசரே?"

"விசர்தான். விசரனைக் கட்டினாப் பிறகு வேறை என்ன வரும்?"

வீட்டுக்கும் டோர்வலுக்கும் அப்பால் நான் தனியே ஓட்டியதேயில்லை. கை ஸ்ரியரிங்கோடு ஒட்டிக்கொண்டது. லொறிகள் உரசிக்கொண்டு போகும்போதெல்லாம் வேளாங்கண்ணி மாதாவையும் நல்லூர் முருகனையும் ஒன்றாகக் கூப்பிட்டேன். யார் வந்தாலும் சரியென்றிருந்தது. முன்னால் உங்கள் வண்டியின் அழுக்குப் பிடித்த முதுகு. நீங்கள் லேன் மாறினால் நானும் மாறுவேன். மேடு வந்தால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி "மெல்ல" என்று காட்டுவீர்கள். போகப்போகப் பயம் விட்டுப்போய், றோட்டோரம் கூடவே வந்த ஆறு கடலாக அகலுவதைப் பார்த்துப் பாடிக்கொண்டே ஓட்டினேன்.

காஸ்பேயில் நீங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினீர்கள்.

"வழியிலை ஆறு என்ன வடிவு! பாத்தனீங்களோ?"

"எந்த ஆறு? கண்ணாடிக்குள்ளை உம்மையெல்லே பாத்துக்கொண்டு வந்தனான்."

ஊர் பார்க்கவென்று வெளிக்கிட்ட மனுசன் அவ்வளவு தூரமும் என்னைத்தான் பார்த்திருக்கிறீர்கள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கதை உங்கள் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

இன்று மெக்கானிக், கியர் இன்னும் கனகாலம் ஓடும் என்றான். உடனே மகனுக்குப் போன் எடுத்தேன். காரை விற்கமாட்டேன், அங்கே வரவும் மாட்டேன் என்றேன். கோபத்தில் வைத்துவிட்டான். வைக்கட்டும், பேந்து எடுப்பான்.

கராஜிலிருந்து வரும்போதும் பெருந்தெருவில் அப்படித்தான் ஓட்டினேன். முன்னால் ஒரு பெரிய வண்டி நிற்கக் காணுமளவு இடம் விட்டு. பின்னால் வருபவர்களுக்குப் பொறுக்காது, வெட்டிக்கொண்டு வந்து அதற்குள் புகுந்துவிடுவார்கள். எனக்கு வருகிற கோபத்தில் ஹோர்னை விட்டுக் கையை எடுக்கமாட்டேன். அது என்ரை மனுசன்ரை இடமடா என்று அவர்களுக்கு எந்தப் பாஷையில் சொல்வது?