மொதத் தண்ணி

மாப்ளே, எப்படியிருக்க? அங்கயாச்சும் வெயிலு தணிஞ்சிருக்கா? சேத்துக் கவுச்சி மூக்குல ஏறவும் ஒன்ன நெனச்சுட்டேன். நம்ம குட்டைக் கரையிலதான் ஒக்காந்திருக்கேன்.

நீ கண்ண மூடுறதுக்கு முந்தி இதுல விட்ட மீன்குஞ்சுக, இப்ப வெரல் நீளம் வந்துருச்சு. கண்மாய் பெருகவும் அள்ளிக் கொண்டுபோய் விட்டுறலாம்னுதான இருந்த. கண்மாயில ஆடு மேயுது மாப்ளே. குட்டையும் மொழங்காலுக்குக் கீழ எறங்கிருச்சு. எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுக.

போடியிலருந்து பஸ்சுல, குஞ்சுக் குண்டாவ மடியில வச்சுக்கிட்டு வருவியே. அதுகளுக்கு மூச்சு முட்டக்கூடாதுன்னு வழி நெடுகக் கையால தண்ணியத் தட்டிக்கிட்டே வருவ. ஒருநா கண்டக்டரு, "குண்டாவுக்கும் டிக்கெட் எடுய்யா"ன்னான். நீ அசரலையே. "மடியில இருக்கிற கைப்புள்ளைக்கு எந்த ஊர்லய்யா டிக்கெட்டு?" பக்கத்துல இருந்த தேவாரம் ஊர்க்காரி எட்டிப் பாத்து, "புள்ள அப்பன் சாடைதான்"னா. பஸ்சே சிரிச்சுச்சு. பெறகு அவ, தோட்டத்துல ஆனை புகுந்த கதையச் சிலமலை வர்ற வரைக்கும் சொன்னா. நீ தட்டுறத நிப்பாட்டாமலே ஊம் கொட்டுன.

இன்னைக்கு நானும் எறங்கித் தட்டிப் பாத்தேன். குண்டாவத் தட்டலாம். குட்டைய எப்படி மாப்ளே தட்டுறது?

மேக்க மலையில மழையாம். ஓடை வருதுங்கிறாக. சந்தோசப்பட முடியல. மேல ஏலக்காத் தோட்டத்துல இப்பத்தான் பூச்சிமருந்தடிச்சு முடிச்சிருக்காக. "மொதத் தண்ணி மருந்துத் தண்ணி, அது போகட்டும்"னு நீ மண்ண வெட்டிப் போட்டு மடைய அடைப்ப. பின்னால தெளிஞ்சு வர்றதத்தான் உள்ள விடுவ. அப்பெல்லாம் பொறுத்திருக்கக் குட்டையில தண்ணி கெடந்துச்சு. இப்ப விட்டா மருந்து கொல்லும். விடாட்டி மூச்சு முட்டியே செத்துப்போகும்.

ஏந் தங்கச்சி, அதான் ஒம் பொண்டாட்டி, மடையில மம்பட்டியோட நிக்கிறா. "அவுக விட்டதுண்ணே. இதுகளாச்சும் பொழைக்கணும்"ங்கிறா. ஒன்ன ஜீப்புல ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகையிலயும் எம் மொகத்தைத்தான் இப்படிப் பாத்தா. அன்னைக்கும் எங்கிட்ட ஒரு வழியும் இல்ல. அந்தப் பார்வையத்தான் மாப்ளே இன்னும் சொமந்துக்கிட்டுத் திரியிறேன்.

"அண்ணே! தண்ணி வந்துருச்சு! தொறக்கவா, அடைக்கவா? வெரசாச் சொல்லுண்ணே!"

இரு தாயி, வர்றேன். மாப்ளே, நீயா இருந்தா இந்நேரம்…