ஆள் மேலே

மிஸ், நேற்று அலுமாரியை ஒதுக்கும்போது, திருகோணமலைத் துறைமுக அலுவலகத்தில் நான் வரைந்த அந்தப் பெரிய தாள் அகப்பட்டது. பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக ஒரே நெரிசல். ஓரத்தில் நீங்கள் பென்சிலால் போட்ட கேள்விக்குறி அழியவில்லை. நீங்கள் காலமாகி நான்கு மாதமாகிறது.

எழுபதுகளின் கடைசியில் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குக் கொம்பியூட்டர் வந்தது. எந்த வேலையை யார் கேட்கிறார், யார் செய்கிறார், முடிந்ததும் யாருக்கு அறிவிக்கிறார் என்று படம் வரைந்து அனுப்பச் சொன்னார்கள். அந்தப் பொறுப்பு கிளாக்கரான என்னிடம் வந்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

நீங்கள் சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வந்து, பொழுது முழுக்கத் தொலைபேசிப் பலகையின் முன் இருந்து எல்லோருக்கும் லைன் கொடுப்பீர்கள். படகுகளின் அடியில் வேலை செய்யும் சுழியோடி நீருக்குள்ளிருந்து ஏறியதும், அவரோடு போன தோணிக்காரர் இறங்குதுறைத் தொலைபேசியில் உங்களை அழைத்து "ஆள் மேலே" என்பார். நீங்கள் அதைச் சொன்ன பிறகே அடுத்த பகுதியினர் வேலையில் கைவைப்பார்கள். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத வழக்கம்.

நான் அதைப் படத்தில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் குறித்தேன். நேரம் கடந்தால் வேலை முடிந்ததாகக் கணக்கு; அடுத்த பகுதிக்கு வேலை உத்தரவுத் தாள் போய்விடும்.

"தோணிக்காரர் சொல்லுறது இதிலை எங்கை, கிளாக்கர் ஐயா?"

"அது வெறும் வாய்ப்பேச்சு மிஸ், வேலையில்லை."

அப்போதுதான் அந்தக் கேள்விக்குறியைப் போட்டீர்கள். இனி அழைக்க வேண்டாமென்று தோணிக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

கொம்பியூட்டரில் ஏற்றுமுன் ஒரு வாரம் தாளிலேயே நடத்திப் பார்த்தோம். மூன்றாம் நாள் இழுவைப் படகின் புரொப்பெல்லரில் கம்பிவடம் சுற்றிக்கொண்டது. சுழியோடி இறங்கினார். குறித்த ஒரு மணித்தியாலம் கடந்ததும், எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்படி அடுத்த தாள் போனது. எஞ்சின் பகுதிப் போர்மன், ஓட்டச் சொல்வதற்காகப் படகுக்கு லைன் கேட்டார். நீங்கள் கொடுக்கவில்லை.

"ஆள் மேலே எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. லைன் தர ஏலாது."

அவர் கத்தினார். உங்கள் பக்கத்தில் நின்ற நானும் சேர்ந்துகொண்டேன்: "தாள் போயிட்டுது மிஸ், குடுங்கோ."

"ஓம், தாள் போயிட்டுது. நீங்கள் ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வாங்கோ."

எரிச்சலோடு இறங்குதுறைக்கு நடந்தேன். படகின் பின்புறம் நீர்க்குமிழிகள் வந்துகொண்டிருந்தன. சுழியோடி இன்னும் கீழேதான் இருந்தார்.

அன்று மாலையே படத்தில் ஒரு பெட்டி கூட்டினேன்: செய்தவர் சொல்லி, வேலையைக் கேட்டவர் ஏற்றுக்கொண்டால் மட்டுமே வேலை முடிந்தது. கொழும்பில் அந்தப் பெட்டியைத்தான் மெச்சினார்கள். எனக்குப் பதவி உயர்வும் இடமாற்றமும் வந்தன. யாருடைய யோசனை என்று கேட்டபோது, என்னுடையது என்றேன். புறப்படும் நாளில் நீங்கள், "பெட்டி நல்லாயிருக்கு" என்றீர்கள். என்னுடையது என்று சொன்னது இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

யாராவது ஒரு வேலை முடிந்தது என்றால், பார்த்தவர் யார் என்று இப்போதும் கேட்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. நேற்று அந்தப் பெட்டியின் கீழிருந்த என் கையெழுத்தைக் கோடிட்டு வெட்டிவிட்டு உங்கள் பெயரை எழுதினேன். ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல நீங்கள்தான் இல்லை, மிஸ். என் கணக்கில் அந்த வேலை இன்னும் முடியவில்லை.