வாசலில் மாட்டாத பலகை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன கண் பரவாயில்லை, ஆனால் படிக்க இன்னும் முடியவில்லை, உன் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன். நடுவில் தும்மினால்கூட ஏதோ வரியை முழுங்கிவிட்டேன் என்று சண்டைக்கு வருகிறாள்.

நம் தெரு இப்போது பழம்பெரும் தெரு என்று பேர் வாங்கிவிட்டது. குழு ஒன்று போட்டு, இங்கே குடியிருந்து பெரிய ஆளானவர்களின் வீட்டு வாசலில் நீலப் பலகை மாட்டுகிறார்கள். செயலாளர் யார் என்கிறாய், உன் கணக்கு வாத்தியார் மைக்செட்தான், மைக் கையில் கிடைத்தால் கீழே வைக்காத அதே மனுஷர். மாவு மில் மாடியில் இருந்த வயலின்காரருக்கு ஒன்று, தையல்கடை வீட்டில் இருந்த நீதிபதிக்கு ஒன்று. வயலின் சத்தம் தாங்கவில்லை என்று மில்காரரின் அப்பா அந்தக் காலத்தில் சண்டை போட்டாராம், மில் ஓடுகிற இரைச்சலில் அது எப்படித்தான் காதில் விழுந்ததோ. இப்போது மகன் பலகையைத் தினமும் துடைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்து அண்ணாந்து பார்க்கிறது. ஆயுசு முழுக்க பஸ்ஸில் விசில் ஊதியவனுக்கு வாய் சும்மா இருக்குமா, ஓரமா நில்லுங்க, வழி விடுங்க என்று வரிசைப்படுத்திக்கொண்டிருப்பேன். இங்கேயே கிடக்கிற நமக்கெல்லாம் பலகை கிடையாது, போனவர்களுக்குத்தான்.

போன வாரம் மைக்செட் நம் வீட்டுக்கே வந்தார். நீ கட்டிய பாலத்தைப் பற்றிப் பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறார். உன் பேரிலும் பலகை வைக்கலாம், ஆனால் தெருவை விட்டே போய்விட்டவர்களுக்குத்தான் வைப்போம், நீங்கள் ஆமாம் என்றால் போதும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை அம்மாடி. ஆமாம் ஆமாம், அவள் அங்கேயே வீடு வாங்கிவிட்டாள், இனி அதுதான் அவள் ஊர் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். கதவோரம் அம்மா நின்றதைக் கவனிக்கவில்லை. அவர் போனதும், "பலகை மாட்டின எந்த வீட்டுலயாவது அவங்க ஆளுங்க ஒருத்தராவது இருக்காங்களா? என் பொண்ணு வேலைக்குத்தான் போயிருக்கா" என்று சொன்னவள்தான், அப்புறம் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ சுவரில் பென்சிலால் வரைந்த பாலம் அழிந்துவிடும் என்று உன் மாடி அறைக்கு வெள்ளையடிக்கவே விடாதவள் அவள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பலகையும் எழுதி வந்துவிட்டது. அம்மா அதை உன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வாசலில் அவர்கள் அடித்த ஆணியில் உன் பழைய குடையை மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் யாரோ மகானின் குடை என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நேற்று மைக்செட் வீட்டுக்குப் போய், அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், பலகை வேண்டாம் என்றேன். அவர் கோபிக்கவில்லை. "அதனால என்ன, பேரை எடுத்துடறேன். பொண்ணு எப்ப திரும்பி வருதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உன்னை வா என்று கூப்பிட இதை எழுதவில்லை. சின்னவளின் பள்ளிக்கூடம், மாப்பிள்ளையின் வேலை எல்லாம் எனக்குத் தெரியாதா. நீ கிளம்பிய அன்று அந்த பஸ்ஸில் நான்தான் டியூட்டி, விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொன்னதும் நான்தான். இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே. உயரத்தில் ஏறி வேலை பார்க்கும்போது பேச்சில் கவனத்தை விடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்றை மறந்துவிடாதே. மைக்செட் கேட்டதற்குப் பதில் எழுது. எனக்காகவோ அம்மாவுக்காகவோ மாற்றாமல் நிஜம் எதுவோ அதையே எழுது. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த இடத்தில் நான் தும்மிக்கொள்கிறேன்.

உன் அப்பா