வைக்கோல் கொட்டகையில் இருந்த வீரர்

2019 ஜனவரி 14, திங்கள்

மழை. ஃபின்டன் டிக்னன் சேற்றுப் பூட்ஸோடு அடுப்படி வரை வந்து நின்றான். கிளப்புக்கு இந்த வருடம் நூற்று முப்பது வயதாம். ஆகஸ்ட் விருந்துக்குள் வரலாற்றுப் புத்தகம் வேண்டுமாம்.

"உங்கள விட்டா யாருக்கு டீச்சர் எழுத வரும்?"

உண்மைதான். கமிட்டியில் உள்ள ஒன்பது பேரில் ஏழு பேருக்கு நான்தான் பாடம் நடத்தினேன். என் வாழ்க்கையில் நான் பெருமைப்படாத விஷயங்களில் அதுவும் ஒன்று.

நூற்று முப்பது வருடத்தில் கில்மோரா கேலிக் கால்பந்து கிளப் வென்றது ஒரே ஒரு மாவட்டக் கோப்பை. 1956. மிச்சமெல்லாம் மழையில் நின்று வாங்கிய அடி. இதற்கு ஒரு வரலாறு!

சரி என்றேன். இவர்களுக்காக இல்லை. 1956 அணிப் பட்டியலில் பதினான்காம் எண்ணுக்கு நேரே என் அண்ணன் கோல்மன் பெயர் வர வேண்டும். அவனுக்கு எண்பத்து நான்கு வயது. அவன் கண்ணை மூடுவதற்குள் அந்தப் பக்கம் அச்சாகி அவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

ஜனவரி 22

பழைய கூட்டக் குறிப்பேடுகள் உர மூட்டைச் சாக்கில் வந்து இறங்கின. எலிகள் என்னை முந்திக்கொண்டு படித்துவிட்டன.

1903: பந்து வாங்கத் தீர்மானம். 1904: பந்தைத் தேடத் தீர்மானம். 1911: சட்டையின் நிறத்துக்காகச் சண்டை, கிளப் இரண்டாக உடைந்தது. ஆறு வருடம் ஒரே ஊரில் இரண்டு கிளப். இரண்டிலும் ஓர் அணிக்கு வேண்டிய பதினைந்து பேர் தேறவில்லை. 1971 ஆண்டுக் கூட்டம் முழுவதற்கும் ஒரே வரி: "ஜே. டிக்னன் பேசினார். பிறகு தேநீர்." என்ன ஒரு மேதை எழுதி வைத்தானோ.

பிப்ரவரி 3

இன்று 1956. ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தேன், இனி முடியாது.

அயர்லாந்தின் கேலிக் கால்பந்து ஆடுகிறவன் சாக்கர் மாதிரி இங்கிலீஷ்காரனின் அந்நிய ஆட்டம் ஆடக்கூடாது, வேடிக்கை கூடப் பார்க்கக்கூடாது என்று அப்போது ஒரு விதி. இறுதிப் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் கோல்மன் ஸ்லைகோவுக்குப் போய் ஒரு சாக்கர் ஆட்டம் பார்த்தான். எவனோ போட்டுக்கொடுத்தான். ஆறு மாதத் தடை. அவனை விட்டால் நம் ஊரில் கோல் அடிக்க நாதி கிடையாது. கமிட்டி மூளையைக் கசக்கியது. பட்டியலில் ஜார்லத் டிக்னன் என்று எழுதினார்கள். ஆடுகளத்தில் கோல்மனை இறக்கினார்கள். ஜார்லத் உபரி ஆட்டக்காரன், உப்புக்குச் சப்பாணி. அவனை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவன் வீட்டு வைக்கோல் கொட்டகையிலேயே போட்டுப் பூட்டினார்கள்.

கடைசி நிமிடத்தில் கோல்மன் கோல் அடித்தான், குளூன்டஃப் ஊர் அணி தோற்றது. பத்திரிகை ஜார்லத் டிக்னனின் பொன்னான காலைப் புகழ்ந்து எழுதியது.

சாயங்காலம் கோப்பை லாரியில் வந்தது. எனக்குப் பத்து வயது, சர்ச் மதில் மேல் உட்கார்ந்திருந்தேன். லாரியின் மேல் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் நின்றான் — தலைமுடியில் இன்னும் வைக்கோல்! பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக என் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கை தட்டிக்கொண்டு வந்தான்.

நவம்பரில் அண்ணன் இங்கிலாந்துக்கு, கோவென்ட்ரிக்குப் போனான். அப்பா அம்மா சாவுக்கு மட்டும் வந்தான்.

அந்த ஆளுக்கு மதுக்கடையில் பாட்டு. மைதானத்துக்கு அவன் பெயர். இந்த ஊரில் அந்த ஆட்டத்தைப் பார்க்காத ஒரே ஆள் அவன், அவன் பெயரில் மைதானம்! இவர்களுக்குத்தான் இதெல்லாம் தோன்றும். நான் அந்த வாசலை இன்றுவரை மிதித்ததில்லை. அவன் எதிரே வந்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவேன், முப்பத்தெட்டு வருடம் அப்படித்தான். 1994இல் செத்தான். ஊரே சவ ஊர்வலத்தில் போனது. நான் வீட்டில் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 4

அடுப்பு விஷயத்தை எழுதியிருக்க வேண்டாம். இருக்கட்டும்.

மார்ச் 9, சனி

வரைவைப் படித்துவிட்டு ஃபின்டன் வந்தான். முகம் பீட்ரூட் மாதிரி.

"டீச்சர், தாத்தா பேர எடுத்துட்டீங்க."

"உன் தாத்தா அன்னைக்கு எங்கடா இருந்தாரு?"

பூட்ஸைப் பார்த்தான். "...கொட்டகையில."

தெரியுமாம்! எல்லோருக்கும் தெரியுமாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் டீக்கெண்டியைத் தூக்கி அடித்திருப்பேன், நல்ல கெண்டி என்பதால் விட்டேன்.

"தெரிஞ்சா எழுதணுமா டீச்சர்? குளூன்டஃப்காரங்க கோப்பையத் திருப்பிக் கேட்டா? நமக்கு இருக்கறதே ஒண்ணு."

"அந்தக் கோலுக்கு மெடல் குடுத்தாங்களே, உங்க வீட்லதான இருக்கணும்? கொண்டு வந்து காட்டு."

"அது... பாட்டி எங்கயோ வெச்சுத் தொலச்சிட்டாங்க. அதுக்கு இன்னும் திட்டு வாங்குறாங்க, செத்தும்."

திருடிய மெடலைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் துப்பில்லை. அவன் எதிரிலேயே சிரித்தேன். கமிட்டி முடிவைச் சொல்லிவிட்டுப் போனான்: கோல்மன் பெயர் இருந்தால் புத்தகம் கிடையாது.

மார்ச் 16

குளூன்டஃப் கிளப் செயலாளர் ப்ரெண்டா டோலனுக்கு நானே போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அய்யோ டீச்சர், எங்க டீம்ல அன்னைக்கு மூணு பேர் கள்ளப் பேரு! அதுல ஒருத்தர் குருமடத்துல படிச்சிட்டிருந்தவரு, பின்னாடி பெரிய சாமியாராயிட்டாரு. நாங்க எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் புகார் பண்ணுவோம்? கோப்பைய நீங்களே வெச்சுக்கோங்க, தொடைக்க இங்க ஆளில்ல."

அறுபத்து மூன்று வருடம் இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று பார்த்து நடுங்கியிருக்கின்றன. மடப்பயல்கள்.

மார்ச் 17

பேட்ரிக் திருநாள். பதினாலு டிராக்டர் ஊர்வலம், முதல் டிராக்டரில் ஃபின்டன், கோப்பையோடு. ஜன்னலை மூடினேன்.

ஏப்ரல் 2

கோல்மனோடு போனில் சண்டை.

"எழுதாத நோரீன்."

"ஏண்ணே? உன் கோலு!"

"நான் கேட்டேனா உன்ன?"

"கேக்காததாலதான அந்த ஆளு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டான்!"

"அவன அந்த ஆளுன்னு சொல்லாத," என்று போனை வைத்துவிட்டான்.

எனக்கு என்ன வேண்டுதலா? யாருக்காக இந்த எலிப்புழுக்கையெல்லாம் கிளறுகிறேன்? நாசமாப் போங்க எல்லாரும்.

ஏப்ரல் 28, கோவென்ட்ரி

நேரிலேயே வந்துவிட்டேன். மூன்றாம் மாடி, சின்ன அறை. அண்ணன் இளைத்துவிட்டான். டீ போட்டுக் கொடுத்தான், இன்னமும் கசாயம் மாதிரிதான் போடுகிறான். பிறகு சவரச் சாமான் டப்பாவைத் திறந்து, பிளேடுகளுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான்.

மெடல்.

"நான் கிளம்புன அன்னைக்கு ஜார்லத் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து குடுத்தான். பதினோரு மைல், எதிர்காத்துல சைக்கிள். அழுதான்டி."

"லாரியில நின்னானே!"

"பங்குச் சாமியாரும் கமிட்டியும் ஏத்தி விட்டாங்க. எறங்கி உண்மையச் சொல்றேன்னான். வாயத் தொறந்தா கோல்மனுக்கு ஆயுளுக்கும் தடைன்னு மெரட்டினாங்க. எனக்காகத்தான் நின்னான்."

எழுபத்தொன்றில் அந்த அந்நிய ஆட்ட விதியை எடுத்ததும், ஆண்டுக் கூட்டத்தில் ஜார்லத் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாராம். எல்லோரும் சிரித்து, முதுகில் தட்டி உட்கார வைத்தார்களாம். பிறகு தேநீர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோல்மனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், சாகும் வரை.

"உங்கிட்டயும் சொல்ல ரெண்டு தடவ வந்தானாம். நீ ரோட்டத் தாண்டிப் போயிட்டியாம்."

டீயைக் குடித்தேன்.

கிளம்பும்போது சொன்னான்: "போடணும்னா போடு. ஆனா அவன் பேரும் பக்கத்துல இருக்கணும். இல்லன்னா என் பேரு வேணாம்."

ஏப்ரல் 29

இரண்டு தடவை.

மே 11

ஃபின்டனைக் கூப்பிட்டு உட்கார வைத்து மெடல் கதையைச் சொன்னேன். ப்ரெண்டா சொன்னதையும் சொன்னேன். கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்ப பாட்டி தொலைக்கலையா?" என்று மட்டும் கேட்டான். முப்பத்தைந்து வயது ஆள் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். நான் திட்டவில்லை. கைக்குட்டை கொடுத்தேன். கமிட்டியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 17, சனி

விருந்து. வேகாத உருளைக்கிழங்கு, வெந்து கருகிய மாட்டிறைச்சி, ஃபின்டனின் நாற்பது நிமிடப் பேச்சு. புத்தகம் நன்றாக வந்திருக்கிறது, பிழைகள் எல்லாம் அச்சகத்தாருடையவை.

பக்கம் 61. எண் 14: கோல்மன் கில்பேன். அதன் கீழே: ஜார்லத் டிக்னன், வைக்கோல் கொட்டகையில்.

ஆகஸ்ட் 24

கோல்மன் போன் செய்தான். புத்தகம் கிடைத்துவிட்டது. பக்கம் 61ஐ மேல்மாடிக்காரன், கீழ்மாடிக்காரன், கூரியர்காரன் எல்லோருக்கும் காட்டினானாம். "படம் கொஞ்சம் மங்கல்," என்றான். குரல் உடைந்திருந்தது. சளி என்றான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மைதானத்துக்குப் போனேன். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டம், நம் பிள்ளைகள் படுதோல்வி. பந்தைத் தவிர எல்லாவற்றையும் உதைத்தார்கள்.

ஃபின்டன் ஓடிவந்தான். "டீச்சர், நீங்களா! உள்ளயா! நல்ல நேரம் வந்தீங்க. வாசப் பலகைய எடுத்துட்டு கோல்மன் பேரப் போடலாம்னு கமிட்டில முடிவு பண்ணிட்டோம்."

பலகையைப் பார்த்தேன். ஜார்லத் என்பதில் பாதி எழுத்து மழையில் உரிந்து கிடந்தது. இத்தனை வருடத்தில் ஒருவனுக்கும் கண்ணில் படவில்லை.

"பேர மாத்தாதடா, முட்டாள். பெயின்ட் வாங்கிட்டு வா."

ஏணியை அவன் பிடித்துக்கொண்டான். எழுத்துகளை நானே எழுதினேன்.