திருப்பிப் போட்ட வாக்கியம்

என் செல்லத் தங்கை வசந்திக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா கல்லூரி மாணவி ஆகிவிட்டேன்! வேங்கிக்காலில் வாரமெல்லாம் அலுவலக வேலை. ஞாயிற்றுக்கிழமை கணினிப் பட்ட வகுப்பு. நாற்பத்திரண்டு வயதில் முதல் பெஞ்ச்.

அதில் தர்க்கம் என்று ஒரு பாடம். எடுக்கும் மேடம் உன்னைவிடச் சின்னவர். முதல் நாளே, "எங்க வீட்டு யானைங்க எல்லாம் கவிதை எழுதும். இது உண்மையா, பொய்யா?" என்றார். பொய் என்று கத்தினோம். "எழுதாத யானை ஒண்ணு எங்க வீட்ல காட்டுங்க, பாக்கலாம்." யானையே இல்லாத வீட்டில் எதைக் காட்டுவது? அதனால் அந்த வாக்கியம் உண்மையாம்! என்ன குறும்பு பார்த்தாயா? நீ போன பிறகு ஒரு கவிதை வரிகூட எழுதாத என் கை அன்றைக்குப் பரபரத்தது.

ஏன் எழுதவில்லை தெரியுமா? ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் இல்லடி" என்றேன். நீ போய்விட்டாய். நான் சாப்பிட்டேன், பஸ் ஏறினேன், தீபாவளிக்குப் புடவைகூட எடுத்தேன். உன்னிடம் கடைசியாகச் சொன்னதே பொய்யாகிவிட்டதே என்று இரண்டு வருடம் மனசு குத்தியது.

போன ஞாயிறு மேடம் ஒரு விதி சொன்னார். 'மழை இல்லையென்றால் விளைச்சல் இல்லை' என்பது உண்மையானால், அதைத் திருப்பிப் போட்டு இரண்டு இல்லைகளையும் எடுத்துவிடலாம்: 'விளைச்சல் இருக்கிறதென்றால் மழை இருக்கிறது.' நம் வாக்கியத்தை நோட்டில் திருப்பிப் போட்டேன்.

நான் இருக்கிறேன் என்றால் நீ இருக்கிறாய்.

எழுந்தே நின்றுவிட்டேன். "மேடம், இது சரியா?"

"விதிப்படி சரிதாங்க. ஆனா முதல் வாக்கியம் உண்மையா இருக்கணும்."

"உண்மைதாங்க மேடம்! என் தங்கச்சி சாகறப்ப அவகிட்ட சொன்னது."

அவர் சாக்பீஸை நீட்டினார். "வந்து போர்டுல எழுதுங்கக்கா."

திரும்பும்போது பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம்; பஸ் நகரவில்லை. நின்றபடியே எழுதினேன்:

இரண்டு இல்லைகளை
எடுத்துவிட்டேன்.
மிச்சம்
நாம்.

"இன்னாக்கா, தனியா சிரிச்சிக்கினு வரீங்க?" என்றார் கண்டக்டர்.

"பாஸாயிட்டேன்பா!"

இனி ஒவ்வொரு விதிக்கும் ஒரு கவிதை எழுதுவேன். முதலில் உனக்குத்தான் படித்துக் காட்டுவேன். இந்த வாரம் 'அல்லது'. தர்க்கத்தில் அதற்கு மனசு பெரிசு, வசந்தி. இரண்டும் சேர்ந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். உன்னை நினைத்தால் அழுவேன் அல்லது சிரிப்பேன்.

இப்போது இரண்டும்தான்.

இருக்கிற உன் அக்கா,
மல்லிகா