சஹர் கஞ்சியால் தள்ளிப்போன வைத்தியம்

சிதம்பரம்
18.9.2008, வியாழன்

அன்பு மகள் நௌஷீனுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு அசதி, தூங்குகிறாள் என்று போனில் சொல்லி வந்தேனே, அது முழுசும் உண்மையில்லை. அவள் பேச்சை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, சாப்பாடும் போய்விட்டது, வாயில் வைத்ததைத் துப்புகிறாள். கடலூரில் கொடுத்த மாத்திரை எதுவும் கேட்கவில்லை. அதனால் முதுநகர் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே ஆஸ்பத்திரியில் மனநல வார்டில் சேர்த்திருக்கிறேன். போனில் சொல்ல முடியாமல்தான் இதை எழுதுகிறேன். மயக்கம் கொடுத்துத் தலையில் கரண்டு வைத்தால் தேறுவாள் என்கிறார் டாக்டரம்மா ராமாமிர்தம். சினிமாவில் காட்டுவது போலக் கட்டிப்போட்டு இல்லை, அழாமல் மேலே படி.

அதற்கு முன்னால் அவர்கள் செய்த சோதனை கொஞ்சநஞ்சமில்லை, உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நான்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை. ரத்தம், ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, கண்ணுக்குள் லைட் அடித்து ஒரு பார்வை. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று மயக்க டாக்டர் கேட்டார், நீ பிறந்தபோது அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதையும் மருந்து ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். முன்பல் ஒன்று ஆடுகிறது, மயக்கத்தில் தொண்டைக்குள் விழுந்துவிடும் என்று அதையும் பிடுங்கிவிட்டார்கள். நானும் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன் ஆயிற்றே, எத்தனை வோல்ட் என்று கேட்டேன். அத எங்ககிட்ட விடுங்க பாய் என்று டாக்டரம்மா சிரித்தார்.

நேற்றுக் காலையே கரண்டு வைத்திருக்க வேண்டியது. ராத்திரிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் என்னிடம் சொன்னார். பெண்கள் வார்டில் துணைக்கு இருப்பது என் தங்கை, உன் ஜமீலா மாமி. அவளிடம் நான் வெறும் வயிறு என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்ப் படுத்துவிட்டேன். அவள் அதை நோன்புக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பகலெல்லாம் தாங்க வேண்டுமே என்று விடியுமுன் சஹர் நேரத்தில் அம்மாவை எழுப்பிக் கஞ்சி கொடுத்திருக்கிறாள். அரை டம்ளர் குடித்தாளாம், துப்பவில்லையாம். விஷயம் தெரிந்ததும் மயக்க டாக்டர் சத்தம் போட்டார், மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்தாம். வைத்தியம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது. ஜமீலா அழுதாள், எனக்கோ கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. அதுதான் குடித்துவிட்டாளே, இனி கரண்டு எதற்கு என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஒரு வேளைக் கஞ்சியை நம்பி விட்டுவிட முடியாது என்றார்.

பிறகு டாக்டரம்மா கட்டில் ஓரமாக உட்கார்ந்து, என்ன செய்யப் போகிறார்கள் என்று அம்மாவிடமே நிதானமாக விளக்கி, சம்மதமா என்று கேட்டார். கையெழுத்து நான் போட்டாலும் அவளைக் கேட்பதுதான் முறையாம். அப்போதுதான் அம்மா வாய் திறந்தாள்.

"நௌஷீனுக்குத் தெரியுமா?"

தெரியும், சரின்னு சொல்லிட்டா என்றேன். நோன்பு வாயால் சொன்ன பொய். அவள் தலையசைத்தாள்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. இதைக் கொண்டுவரும் நம் தெரு முஹம்மது ஆசிக் சனிக்கிழமை மஸ்கட்டில் இறங்குவான். ஞாயிறு சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு போன் செய், அம்மா காதில் வைக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டும்மா, ஆனால் சொல்லாதே, அவளை இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல், பிள்ளைகளை வெயிலில் விடாதே. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் சுகமும் தருவானாக. அம்மா பதில் பேசாவிட்டால் போனை வைத்துவிடாதே, அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

உன் அத்தா
சேக் பரீது