வெந்நீர் ஊற்றருகே இருந்தவர்கள்

என் தங்கையைக் கட்டிய நாள் முதல் என்னோடு வாதாடியே என்னைப் பிடித்துக்கொண்ட மச்சான்,

உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்தது. வடை திறம் என்றார்கள். நினைவு மலரும் வந்துவிட்டது. தேவாரம், வம்சாவளி, சங்கத் தலைவரின் இரங்கலுரை. அதற்கு மேலே அரைப் பக்கத்தில் அவருடைய படம். உன்னுடையது அதைவிடச் சிறியது.

சுரங்க ரயில் ஓட்டிய நேரம் போக, நூலகத்தில் உட்கார்ந்து நீ எழுதிய யெல்லோஸ்டோன் கட்டுரையும் இருக்கிறது. கொதிக்கும் ஊற்றுகளைக் கண்டு திரும்பிய வேட்டைக்காரர்களைப் பொய்யர் என்று ஊர் சிரித்தது. பிறகு நில அளவைக்குப் போனவர்கள் ஓர் ஓவியரையும், கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதையில் ஏற்றிய ஒரு படப்பிடிப்பாளரையும் கூட்டிப் போனார்கள். படங்களைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள், தேசியப் பூங்கா ஆக்கினார்கள். எல்லாம் உண்டு. படங்கள்கூட அழகாக விழுந்திருக்கின்றன.

கடைசிப் பக்கம் மட்டும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நான் உனக்கு வாசித்துக் காட்டிய பக்கம். அந்த ஊற்றுகளருகே மலையாட்டை வேட்டையாடி மனிதர் வாழ்ந்தார்கள். அதன் கொம்பை வெந்நீரில் இளக்கி வில் வளைத்தார்கள். படங்களில் நிலம் வெறுமையாக இருந்தது. நீராவிக்குப் பயந்து அங்கே எவரும் போவதில்லை என்று பூங்கா ஆக்கியவர்கள் ஒரு கதையும் கட்டினார்கள். பிறகு இருந்தவர்களை வெளியேற்றினார்கள்.

"இதை மட்டும் வெட்ட விடாதை மச்சான்," என்றாய். "ஓம்," என்றேன்.

அச்சுக்குப் போகுமுன் நான் பார்க்கவில்லை. வடை சுட ஆள் தேடிக்கொண்டிருந்தேன். என் கோபத்தில் பாதி எனக்குத்தான். மீதியை, சடங்கு நடந்த குரோருட் மண்டபத்திலேயே, மலரைத் தொகுத்த தலைவரிடம் கொண்டுபோனேன்.

"செத்தவீட்டிலை அரசியல் வேண்டாம் தம்பி. படங்கள் நல்ல வடிவு. அது காணும்."

"அண்ணை, வன்னியிலை உங்கடை காணிக்குள்ளை 'பாதுகாக்கப்பட்ட வனம்' எண்டு அரசாங்கப் பலகை நிக்குதெல்லோ?"

"நிக்குது. அங்கை ஆருமே இருக்கேல்லையெண்டு எழுதிப்போட்டாங்கள். அறுவாங்கள்."

"அதைத்தான் இவனும் எழுதினவன்."

"அது வேறை, இது வேறை. நீர் சாப்பிட்டீரோ?"

ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தக் காணிக்காகக் கண் கலங்குகிற மனிதர் மச்சான். அடுத்தவன் காணி என்றதும் கண்ணீருக்கு இடம் போதவில்லை. இவரோடு எப்படி இத்தனை வருடம் சங்கத்தில் ஒரே மேசையில் இருந்தாய்?

உன் மனைவி அன்றைக்கு, "விடுங்கோ அண்ணா, வந்த சனம் சாப்பிட்டிட்டுப் போகட்டும்," என்றாள். நேற்று ரொம்சோஸில் இருக்கிற உங்கள் வீட்டுக்குப் போய் உன் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை நின்றபடியே வாசித்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து வந்து கேட்டாள்:

"எத்தினை மலர் குடுத்தனாங்கள்?"

அந்தப் பக்கத்தை மலரின் அளவிலேயே அச்சிட்டுவிட்டோம். அவள் ஓரம் வெட்டுகிறாள், நான் அடுக்குகிறேன்.

மச்சான், மலர் போன ஒவ்வொரு வீட்டுக்கும் பசையோடு போவேன். கண்ணாடி அலுமாரியில் இருந்தாலும், தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடந்தாலும், எடுத்து ஒட்டிவிட்டுத்தான் எழும்புவேன். முதல் வீடு தலைவருடையது. அவரே பிடித்துக்கொள்ள, நான் ஒட்டுவேன். ஒருமுறை சொன்ன "ஓம்" இன்னும் ஓம்தான்.

அச்சுப்படி பார்க்காத குற்றத்தோடு,
உன் பெண்சாதியின் அண்ணன்